ஹிரோஹாட்டாவின் பச்சை மெர்குரி

1959-இல், தெற்குக் கலிபோர்னியாவில் பழைய கார் விற்கும் திடல் ஒன்றில் நின்றிருந்த 1951 மெர்குரி காரை ஜிம் மெக்நீல் என்ற பதின்வயது இளைஞர் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டார். சில ஆண்டுகளுக்கு முன் அமெரிக்கக் கார் பத்திரிகைகளில் வலம்வந்த வண்டி அது. விலை 500 டாலர். வாங்கினார். 2018-இல் தாம் இறக்கும்வரை அதை யாருக்கும் விற்கவில்லை. 2022 ஜனவரியில் ஃபுளோரிடா மாநிலம் கிஸிமியில் மீகம் நிறுவனம் நடத்திய ஏலத்தில் அந்த கார் 19.5 லட்சம் டாலருக்குப் போனது. ஏலக் கட்டணத்தையும் சேர்த்தால் 21.45 லட்சம்.

தொகை பெரிதுதான். ஆனால் இந்த காரைப் பற்றி எழுத என்னைத் தூண்டியது அது இல்லை. தொழிற்சாலையிலிருந்து வந்த காரைப் புதுப்பிக்கிறவருக்கு வரைபடம் கிடைக்கும், உதிரிபாகப் பட்டியல் கிடைக்கும், பெயிண்ட்டின் எண்கூடக் கிடைக்கும். இந்த மெர்குரிக்கு அப்படி எதுவும் கிடையாது. ஒரு பட்டறையில், கண் சொன்ன அளவில் வெட்டி, ஒட்டி, இழைத்துச் செய்த உருவம் அது. எது அசல் என்று கேட்டால் பதில் சொல்ல அந்த எஃகுத் தகடும், அதன்மேல் படிந்த ஈயமும், அதற்கும் மேல் அடுக்கடுக்காகக் கிடந்த பெயிண்ட்டும், சில பழைய புகைப்படங்களும்தான் இருந்தன.

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு கலிபோர்னியாவில் இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களை மலிவாக வாங்கி, மட்கார்டுகளைக் கழற்றி எடை குறைத்து, என்ஜினை முடுக்கி, வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். அவை ஹாட் ராட் எனப்பட்டன. அந்த வழியில் தெருவில் ஓட்டுவதற்கென்றே கட்டியவை பின்னாளில் ஸ்ட்ரீட் ராட் ஆயின. அதே பட்டறைகளில் வளர்ந்த இன்னொரு கிளைதான் கஸ்டம் கார். அதில் வேகத்தைவிட வடிவத்துக்கே முதலிடம். லாஸ் ஏஞ்சலிஸை ஒட்டிய லின்வுட்டில் சாம், ஜார்ஜ் என்ற பேரிஸ் சகோதரர்கள் நடத்திய பட்டறை இந்தக் கிளையின் தலைநகரம். ஜார்ஜுக்கு வண்ணமும் விளம்பரமும் கைவந்த கலை. 1966-இல் தொலைக்காட்சியில் வந்த பேட்மேனின் காரான பேட்மொபைலைச் செய்துகொடுத்தவரும் அவரே. தகட்டு வேலையில் மேதை சாம். தம்முடைய 1949 மெர்குரியின் கூரையைத் தாழ்த்தி, அந்த மாடலை எப்படி வெட்டினால் அழகு வரும் என்று காட்டியவர் அவர்தான்.

1952-இல் பாப் ஹிரோஹாட்டா என்ற ஜப்பானிய-அமெரிக்க இளைஞர், ஏறக்குறையப் புதிய மெர்குரி ஒன்றை அவர்களிடம் ஒப்படைத்தார். அந்த ஆண்டு நவம்பரிலேயே லாஸ் ஏஞ்சலிஸின் பேன்-பசிஃபிக் அரங்கில் நடந்த மோட்டோராமா கண்காட்சிக்கு அது வந்துவிட்டது.

கூரையைத் தாழ்த்துவதில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். கூரையைத் தாங்கும் தூண்களில் ஒரு துண்டை வெட்டியெடுத்துவிட்டு மேற்பகுதியை இறக்கிவைத்தால் வேலை முடிந்தது என்று தோன்றும். தூண்கள் செங்குத்தாக இருந்தால் அது சரி. கார்த் தூண்கள் எல்லாமே சாய்ந்தவை. முன்தூண் செங்குத்திலிருந்து 30 டிகிரி பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். அதில் 10 சென்டிமீட்டர் உயரத்தை எடுத்தால், மேல்துண்டின் நுனி கீழ்த்துண்டின் நுனியைவிட ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் பின்னால் தொங்கும். பின்பக்கம் சாய்வு எதிர்த்திசையில் இருப்பதால் அங்கே முன்னால் தொங்கும். பக்கவாட்டில் தூண்கள் உள்நோக்கிச் சாய்வதால் அகலமும் பொருந்தாது. எனவே தூண்களை இன்னும் படுக்கவைக்க வேண்டும், அல்லது கூரையையே குறுக்கே அறுத்து நடுவில் தகடு சேர்த்து நீட்ட வேண்டும். பெரும்பாலும் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்வார்கள். ஹிரோஹாட்டாவின் காரில் முன்னால் 4 அங்குலமும் பின்னால் 7 அங்குலமும் எடுத்தார்கள். மெர்குரியின் கூரை பின்புறம் குண்டாக உப்பியிருக்கும். இரண்டு பக்கமும் ஒரே அளவு எடுத்திருந்தால் அந்தக் குண்டு அப்படியே நின்றிருக்கும். பின்னால் கூடுதலாக எடுத்ததில்தான், விண்ட்ஷீல்டில் தொடங்கும் கோடு பின் பம்பர்வரை தடங்கலில்லாமல் வழிந்து இறங்குகிறது.

இதோடு நிற்கவில்லை. கதவுக்குப் பின்னால் கூரையைத் தாங்கிநின்ற நடுத்தூணையும் எடுத்துவிட்டார்கள். கண்ணாடிகளை இறக்கினால் பக்கவாட்டில் ஒரே திறப்பு. இன்றைய கார்களில் கூரையும் தூண்களும் தரையும் சேர்ந்துதான் பாரத்தைத் தாங்குகின்றன. அவற்றில் நடுத்தூணை எடுப்பது உயிரோடு விளையாடுவது. 1951 மெர்குரியிலோ உடல் தனி, சட்டகம் தனி. சாலையின் முறுக்கையும் வளைவையும் அடியில் ஓடும் கனத்த எஃகுச் சட்டகமே வாங்கிக்கொள்ளும். அதனால் அந்தத் தூண் இல்லாமலும் கார் ஓடியது. உருண்டு கவிழ்ந்தால் கூரை தாங்குமா என்பது வேறு கேள்வி. அந்தக் காலத்தில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்து வெப்பம். கார் உடலின் தகடு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிப்பு. அதை ஆக்ஸி-அசிட்டிலின் சுடரால் பற்றவைக்கிறார்கள். சுடரின் வெப்பம் 3,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். எஃகு 1,500 டிகிரிக்குப் பக்கத்தில் உருகும். உருகும் கோட்டை ஒட்டிய தகடு விரிய முயலும்; சுற்றியுள்ள குளிர்ந்த தகடு விடாது; போக்கிடமில்லாத எஃகு வீங்கித் தடிக்கும். ஆறும்போது அது முன்பிருந்ததைவிடக் குறுகிச் சுற்றிலும் உள்ளதை இழுக்கும். நல்ல தகட்டில் நெளிவு விழுவது இப்படித்தான். சிறு சுத்தியலால் தட்டி, குறுகிய இடத்தை மறுபடி நீட்டி, விரலால் தடவித் தடவி இந்த நெளிவை எடுக்க வேண்டும். எவ்வளவு கெட்டிக்காரர் தட்டினாலும் கடைசியில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பள்ளங்கள் மிஞ்சும். அங்கேதான் ஈயம் வருகிறது.

இன்று பள்ளத்தை நிரப்ப பாலியெஸ்டர் பட்டி போடுகிறார்கள். 1952-இல் அது புழக்கத்துக்கு வரவில்லை. ஏறக்குறைய 70 பங்கு ஈயமும் 30 பங்கு வெள்ளீயமும் கலந்த குச்சிகளை உருக்கிப் பூசினார்கள். ஏன் அந்த விகிதம்? ரேடியோப் பட்டறையில் பயன்படும் சால்டர் கம்பியில் வெள்ளீயம் 60 பங்குக்கு மேல். அது 183 டிகிரியில் சட்டென்று உருகி, சட்டென்று உறைந்துவிடும். மின்கம்பியை ஒட்டுவதற்கு அது போதும். செங்குத்தான கார்க் கதவில் வைத்தால் தரையில் சொட்டும். 70-க்கு 30 கலவை 183 டிகிரியில் இளகத் தொடங்கினாலும், முழுத் திரவமாக 255 டிகிரி ஆக வேண்டும். இடைப்பட்ட எழுபது டிகிரியில் திடத் துகள்களும் திரவமும் கலந்து, கிண்டி இறக்கிய கேழ்வரகுக் களியின் பதத்தில் நிற்கும். அந்தப் பதத்தில் பிடித்துவைக்க, சுடரைக் கிட்டே கொண்டுபோவதும் எடுப்பதுமாக ஒரு கை ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். மறு கையில் மெழுகோ கொழுப்போ தடவிய கடினமரத் துடுப்பு. அதனால் ஈயத்தைத் தள்ளித் தள்ளி வளைவை உருவாக்குவார்கள். ஆறியபின் அரம் போட்டு இழைப்பார்கள். சக்கர கிரைண்டர் வைத்தால் ஈயத்தூள் காற்றில் பறந்து மூச்சில் ஏறும். அது நரம்பைத் தாக்கும் நஞ்சு.

இந்த வேலையின் ஆயுள் எனக்கு எப்போதும் வியப்பு. காரணம் இரண்டு. முதலாவது, ஈயம் தகட்டின்மேல் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. முதலில் தகட்டை அமிலத்தால் சுத்தம்செய்து வெள்ளீயப் பூச்சு கொடுக்கிறார்கள். வெள்ளீயம் இரும்போடு வினைபுரிந்து இடையில் மெல்லிய சேர்மப் படலம் ஒன்றை உண்டாக்கும். உலோகத்தோடு உலோகமாகப் பிணைந்தபின் அங்கே ஈரம் நுழைய இடமில்லை. பாலியெஸ்டர் பட்டியோ மெல்ல ஈரத்தை உறிஞ்சும். இரண்டாவது காரணம் இன்னும் நுட்பமானது. வெயிலில் நிற்கும் கார் சூடேறும்போது ஈயம் எஃகைவிட இருமடங்குக்கு மேல் விரியும். கண்ணாடிபோல விறைத்த பொருளாக இருந்தால் விரிசல் விட்டிருக்கும். ஆனால் ஈயக் கலவைக்கு நம் அறை வெப்பமே அதன் உருகுநிலைக்கு ரொம்ப தூரத்தில் இல்லை. அந்த நிலையில் உலோகம் அழுத்தத்துக்கு இணங்கி, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் ஊர்ந்து, தன்மேல் விழுந்த இழுவிசையைத் தணித்துக்கொள்ளும். ஒரே ஒரு எதிரி, சரியாகக் கழுவாமல் விட்ட அமிலம். சோடா உப்பால் அதை முறிக்காமல் விட்டால், ஆண்டுகள் கழித்து பெயிண்ட்டுக்கு அடியில் கொப்புளமாகக் கிளம்பும்.

ஹிரோஹாட்டா மெர்குரியில் ஈயம் பாய்ந்த இடங்கள் ஏராளம். முன் மட்கார்டின் கோடு கதவுகளைக் கடந்து பின்புறம் கரைகிறது. ஹெட்லைட் வளையங்கள் 1952 ஃபோர்டிலிருந்து வந்து உடலுக்குள் மூழ்கிவிட்டன. பின்விளக்குகள் 1952 லிங்கனுடையவை. பக்கவாட்டுக் குரோமியப் பட்டை 1952 பியூக்கினுடையது. பின்சக்கரத்துக்கு முன்னால் காற்று நுழையும் வாய்போல ஒன்றைச் செதுக்கி, அதில் 1952 செவ்ரோலே கிரில்லின் பற்களை வைத்தார்கள். இத்தனை வீட்டுப் பிள்ளைகளும் ஒரே குடும்பமாகத் தெரிவதில்தான் சாமின் கை இருக்கிறது. மேலே வெளிர்ந்த கடல்நுரைப் பச்சை, கீழே அடர்பச்சை. டாஷ்போர்டில் வான் டட்ச் என்ற கலைஞர் இழுத்த மெல்லிய தூரிகைக் கோடுகள். அதன் பிளாஸ்டிக் குமிழ்கள் ஹிரோஹாட்டா தம் கையால் செய்தவை.

அவர் அதைக் கண்காட்சிப் பொம்மையாக வைத்துக்கொள்ளவில்லை. 1953-இல் கலிபோர்னியாவிலிருந்து இண்டியானாபொலிஸுக்கு, 3,000 கிலோமீட்டருக்கு மேல், ஓட்டியே போனார். அந்தப் பயணக் கட்டுரை ‘ராட் அண்ட் கஸ்டம்’ பத்திரிகையில் வந்தது. போகுமுன் என்ஜினை மாற்றியிருந்தார்கள். மெர்குரியின் சொந்த என்ஜின் ஃபோர்டு வகை பிளாட்ஹெட் வி-8. அதில் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில், என்ஜின் கட்டைக்குள்ளேயே இருக்கும். எரிந்த புகை வெளியேற அந்தக் கட்டையை ஊடறுத்துத்தான் போக வேண்டும். போகிற வழியில் குளிர்விக்கும் தண்ணீரைச் சூடாக்கிவிட்டுப் போகும். பாலைவனச் சாலையில் அது சங்கடம். மாற்றாக வந்தது கேடிலாக்கின் 331 கன அங்குல, அதாவது 5.4 லிட்டர் வி-8. அதில் வால்வுகள் தலைக்கு மேலே. புகைக்குக் குறுக்கு வழி, கலவையை அதிகமாக அழுத்தவும் வசதி.

1955-இல் ‘ரன்னிங் வைல்ட்’ என்ற திரைப்படத்துக்காக காருக்கு வேறு பச்சை பூசினார்கள். அதே ஆண்டில் ஹிரோஹாட்டா அதை விற்றுவிட்டார். அப்புறம் கைமாறியது. மாடல் மாறும் வேகத்தில் நேற்றைய நட்சத்திரம் நாளைய பழைய வண்டி. பேரிஸ் பட்டறையில் பிறந்த எத்தனையோ கார்கள் இந்தக் கட்டத்தில்தான் நசுங்கி இரும்பாகிப் போயின. 500 டாலருக்கு மெக்நீல் வாங்கியது அந்த இடைவெளியில். அவரும் சில ஆண்டுகள் தினமும் ஓட்டினார். பிறகு கராஜில் நிறுத்தினார். கார் கால் நூற்றாண்டுக்குப் பக்கமாக அசையாமல் கிடந்தது.

கிடந்தும் கெடாமல் இருந்ததற்கு ஊரின் காற்றுக்கு நன்றி சொல்ல வேண்டும். இரும்பு துருப்பிடிப்பது ஒரு மின்வேதி வினை. தகட்டின் ஓரிடத்தில் இரும்பு அணு எலெக்ட்ரானை விட்டுக் கரைகிறது. இன்னோரிடத்தில் ஆக்சிஜன் அந்த எலெக்ட்ரானை வாங்கிக்கொள்கிறது. இரண்டையும் இணைக்க ஒரு மெல்லிய நீர்ப்படலம் வேண்டும். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அந்தப் படலம் பெரும்பாலும் அமையாது. உப்பு சேர்ந்தால் இன்னும் குறைந்த ஈரத்திலேயே அமையும், மின்கடத்தலும் பெருகும். அமெரிக்காவின் வடகிழக்கில் பனியை உருக்கச் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். அங்கே இந்த மெர்குரி கிடந்திருந்தால் கதவின் அடிவிளிம்பு முதலில் போயிருக்கும், பிறகு சட்டகம். கலிபோர்னியாவின் வறண்ட பகுதியில், கூரைக்கு அடியில் நின்றதால் சாம் இழைத்த தகடு அப்படியே இருந்தது.

1980-களின் இறுதியில் பத்திரிகையாளர் பேட் கனாலின் தூண்டுதலில் மெக்நீல் காரைக் கையில் எடுத்தார். அவர் பணக்காரச் சேகரிப்பாளர் அல்லர். காசு சேரச் சேர, ஆண்டுக்கணக்கில் வேலை நடந்தது. காரைக் கட்டவைத்த ஹிரோஹாட்டா 1981-இலேயே இறந்துவிட்டார். அவரிடம் கேட்டுத் தெளிய வழியில்லை. பெரிய கேள்வி நிறம். பழைய பத்திரிகைகளில் பெரும்பாலான படங்கள் கறுப்பு வெள்ளை. வண்ணத்தில் அச்சானவற்றிலும் மையின் பச்சை வேறு, காரின் பச்சை வேறு. ஆகவே பெயிண்ட்டையே கேட்க வேண்டியிருந்தது. நீர் தொட்ட உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து மேலடுக்குகளை ஒவ்வொன்றாகக் கடந்தபோது, அடியில் பேரிஸ் பட்டறையின் பச்சை தெரிந்தது.

அப்படித் தேய்த்துப் பார்ப்பது அடுக்குகள் தனித்தனியாக நிற்பதால்தான் முடிகிறது. அக்காலக் கஸ்டம் கார்களில் வழக்கமான பூச்சு நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். 1923-இல் ‘டுக்கோ’ என்ற பெயரில் டுபான்ட் கார் உலகுக்குக் கொண்டுவந்தது. வாரக்கணக்கில் காய்ந்த கார்ப் பூச்சை மணிக்கணக்குக்குச் சுருக்கியது. இது வேதிவினையால் கெட்டிப்படுவதில்லை. கரைப்பான் ஆவியானதும் மிஞ்சும் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும், அவ்வளவே. ஒரே நாளில் அடுத்தடுத்துப் பூசும் சுற்றுகள் ஒன்றையொன்று கரைத்துக் கலந்துவிடும். ஆனால் தேய்த்து, வேறு அடிப்பூச்சு கொடுத்து, ஆண்டுகள் கழித்துப் பூசிய நிறம் தனி அடுக்காகவே நிற்கும். பொறுமையாகச் சரிவாகத் தேய்த்தால் ஒவ்வொரு காலமும் ஒரு வளையமாகத் தெரியும்.

கண்டெடுத்த பச்சையும் அப்படியே நம்பத் தக்கதல்ல. நைட்ரோசெல்லுலோஸ் புற ஊதாக் கதிரில் சிதைந்து மஞ்சளாகும். வெளிர்பச்சையில் மஞ்சள் ஏறினால் அது வேறு பச்சை. சூரியன் படாத மூலைகளில், கதவுக் கீல்களின் இடுக்கில், டிக்கி மூடியின் அடியில் கிடக்கும் நிறத்தோடு ஒப்பிட்டால்தான் எவ்வளவு மாறியது என்று பிடிபடும். இன்னொரு பொறியும் உண்டு. வெவ்வேறு நிறமிகளால் கலக்கிய இரண்டு பச்சைகள் வெயிலில் இரட்டைப் பிள்ளைகளாகத் தெரிந்துவிட்டு, கண்காட்சி அரங்கின் குழல்விளக்கில் பிரிந்துபோகும். காரணம், கண்ணுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று உணர்விகள்தான். ஒளியின் முழு அலைநீளப் பட்டியலை அது படிப்பதில்லை. அதனால் நிறத்தைப் பல விளக்குகளில் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். முன்பு பேரிஸ் பட்டறையில் வேலைபார்த்த ஜூனியர் கான்வே வண்ண வேலைக்குக் கைகொடுத்தது பெரும்பேறு. அந்தப் பட்டறையின் பச்சையை அவர் கண்ணால் பார்த்துப் பழகியவர்.

1952-இன் நிறத்துக்குத் திரும்பியதால் திரைப்படத்துக்குப் பூசிய பச்சை மறைந்தது. அதுவும் காரின் வரலாறுதானே என்று வாதிடலாம். அருங்காட்சியகத்தில் ஓவியம் பாதுகாப்பவர்கள் ஒரு அடுக்கைக்கூட எளிதில் எடுக்கமாட்டார்கள். என் எண்ணத்தில் மெக்நீல் செய்தது சரி. மேல்பூச்சைத் திரும்பவும் பூச முடியும். திரும்பச் செய்ய முடியாதது சாமின் வெட்டும் ஈயமும். புதுத் தகடு வைத்து அதைவிட நேராகச் செய்துவிடும் ஆசை புதுப்பிப்பவர்கள் பலருக்கு வரும். அப்படி மாற்றிய கார்களில் பெயர் மட்டுமே பழையதாக மிஞ்சுகிறது. மெக்நீல் சாமின் வேலையைக் காத்தார்.

2017-இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் இந்த கார் சேர்ந்தது. அந்த ஆண்டு வாஷிங்டனின் நேஷனல் மால் என்ற திறந்தவெளியில், கண்ணாடிப் பேழைக்குள் பொதுமக்கள் பார்வைக்கு நின்றது. பதிவேட்டில் இடம்பெறும் வாகனங்களின் அளவுகளும் படங்களும் வரலாறும் காங்கிரஸ் நூலகத்துக்குப் போகின்றன. தொழிற்சாலை தராத வரைபடம் அறுபது ஆண்டுகள் தாண்டி இப்படித்தான் இதற்குக் கிடைத்தது.

ஏலத்தில் வாங்கியவருக்கு இனி பெரிய வேலை இல்லை. விடாமல் கவனிக்கும் சிறு வேலைகள் உண்டு. ஈரப்பதத்தை ஐம்பது சதவீதத்துக்குப் பக்கத்தில், ஏறி இறங்காமல் வைத்திருக்க வேண்டும். லாக்கருக்குச் சட்டென்ற குளிர் ஆகாது, விரிசல் விழும். நேர் வெயில் கூடாது. கேடிலாக் என்ஜினை அவ்வப்போது முழுச் சூடு ஏறும்வரை ஓடவிட வேண்டும். அரைகுறையாக ஓட்டி அணைத்தால் எரிந்ததில் பிறந்த நீராவி ஆயிலில் தங்கி உள்ளிருந்து அரிக்கும். ஈயம் பூசிய விளிம்புகளில் சிறு கொப்புளம் எழுகிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறையாவது விரலால் தடவிப் பார்க்க வேண்டும்.